ரிவர்ஸ் மாமாவும் அப்பளக் கம்பெனியும்

ரிவர்ஸ் மாமாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை மயிலாப்பூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. தொண்ணூறுகளின் கடைசியில், ஆழ்வார்பேட்டையில் இமெயில் இணைப்பு தரும் ஒரு சின்னக் கம்பெனியில் அவர் எனக்கு சீனியர். யார் போனில் பெயர் சொன்னாலும் பட்டென்று வைத்துவிடுவார். டைரக்டரியில் அந்தப் பெயருக்குரிய நம்பரைத் தேடித் திருப்பிக் கூப்பிடுவார். அதே ஆள் எடுத்தால்தான் பேச்சு. முதலாளிக்கும் இதே கதிதான். 'ரிவர்ஸ்' பட்டம் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை மாமியிடமே இந்த வேலையைக் காட்டினார். திருப்பிக் கூப்பிட்டபோது மாமி எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மாமாவுக்கு ஓட்டல் சாப்பாடு.

நான் ஆதம்பாக்கத்தில் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும். மாமாதான்.

"நேரா ஆத்துக்குத்தான்னு சொன்னியே, நிஜமான்னு பார்த்தேன்." டொக்!

ஒருநாள் எங்கள் வாடிக்கையாளர், மந்தைவெளி கணக்கு வாத்தியார் சுந்தரம் சார், முகம் செத்துப்போய் வந்தார். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளையின் காதலை அவர் எதிர்த்ததில், பேச்சுவார்த்தையே நின்றிருந்தது. அடுத்த ஞாயிறு அங்கே கல்யாணம். மனசு கேட்காமல் சார் இமெயிலில் ஆசீர்வாதம் அனுப்பியிருந்தார். அது திரும்பி வந்துவிட்டது.

"ஏத்துக்க மாட்டேன்னு இங்கிலீஷ்ல போட்டுத் திருப்பிட்டான் மாமா."

"போன் பண்ணப்படாதோ?"

"மெயிலையே வாங்காதவன் என் குரலையா கேக்கப்போறான்?"

திரும்பி வந்த மெயிலை மாமா வாங்கிப் படித்தார்.

"சார், திருப்பினது உங்க பிள்ளை இல்லை, அவன் காலேஜ் மெஷின். நம்ம மெஷின் போய்த் தன் பேரைச் சொல்லித்து. அது நம்பலை. இந்த நம்பர் யாரோடதுன்னு திருப்பி விசாரிச்சிருக்கு. அப்பளக் கம்பெனின்னு பதில் வந்திருக்கு!"

விஷயம் இதுதான். எங்கள் மெஷினுக்குப் புதிதாகக் கிடைத்த இன்டர்நெட் நம்பர் முன்பு ஓர் அப்பளக் கம்பெனியிடம் இருந்தது. அதற்கு எதிரே பதிவாகியிருந்த பழைய பெயரை யாரும் மாற்றவில்லை.

"என்ன மெஷின் மாமா அது!" என்று நான் திட்ட ஆரம்பித்தேன்.

"திட்டாதேடா. அது நம்ம ஆளு!" மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பெயரை மாற்ற வேண்டியது எங்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுத்தவர்கள். மாமா டிபன் பாக்ஸோடு தி.நகரில் இருந்த அவர்கள் ஆபீசுக்கே போய் உட்கார்ந்தார். கூடவே நானும் போனேன்.

"நீங்க போங்க சார், மாத்திட்டு போன் பண்றேன்" என்றார் அங்கிருந்த அதிகாரி. பாவம், ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார்.

"போனையெல்லாம் நான் நம்பறதில்லை. நீங்க மாத்துங்கோ, நான் இங்கயே இருக்கேன்."

அதிகாரியின் மேஜையிலேயே தயிர்சாதம் திறக்கப்பட்டது. மாவடுவுக்கு வருவதற்குள் பெயர் மாறிவிட்டது.

புதுப் பெயர் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரட்டும் என்று ஒருநாள் பொறுத்து, ஆசீர்வாதத்தை மறுபடி அனுப்பினோம். இந்தத் தடவை திரும்பவில்லை. மறுநாள் காலை சார் எங்கள் ஆபீசில் காத்திருந்தபோது பதில் வந்தது.

'அப்பா, எழுதினது நிஜமா நீங்கதானா? ஆத்துக்கு போன் பண்றேன். நீங்களே எடுங்கோ.'

சார் செருப்பைக்கூட மறந்து ஆட்டோவைத் தேடி ஓடினார். "பிள்ளை கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு, மாமா கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

மாமா இப்போது இல்லை. நான் வீடு வந்து சேர்ந்தேனா என்று சந்தேகப்படவும் யாரும் இல்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றியதும் போன் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.