மருமகனின் கொம்பியூட்டருக்கு நான் போட்ட கிறீஸ்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்த இந்தக் கையால் சாய்ந்தமருதில் ஒரு கராஜ் கட்டினேன். அதைக் கடல் கொண்டுபோனது. மறுபடியும் கட்டினேன், இந்தமுறை றோட்டுக்கு மேற்கே. கொம்பனிக்காரனே கைகழுவிய நெல் வெட்டு மெஷின்களை வயலில் ஓட வைத்தேன். நிந்தவூரில் அரிசி ஆலை போட்டேன். மூன்று பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக மூன்று மாடி வீடுகள். கடன் கேட்டுப் போன அன்று என்னை நிற்கவைத்தே கதைத்த வங்கி மேனேஜர், பிறகு தன் காரைத் திருத்த வந்து என் கராஜில் உட்கார இடம் தேடினார். (கதிரை கொடுத்தேன். கால் ஆடுகிற கதிரை.)

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இத்தனையும் கட்டிய என்னை இந்தக் கரையில் என்ன பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள் தெரியுமா? "கொம்பியூட்டருக்குக் கிறீஸ் அடிச்ச ஹாஜியார்."

நடந்தது இதுதான்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் வருவார். என் கடைசி மகள் ஷிபானாவுக்கு வந்தவர் ரிஃப்கான், நிந்தவூர்ப் பள்ளிக்கூட அதிபரின் மகன். அதிபர் ஓய்வு பெற்று வருடக்கணக்காகியும் ஊருக்கே பாடம் நடத்துகிறவர். மருமகன் வரும்போது ஒரு சூட்கேசும், உள்ளே தெரிகிற மாதிரி பக்கவாட்டில் கண்ணாடி போட்ட ஒரு கொம்பியூட்டரும் கொண்டுவந்தார். அதில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவார். மிச்ச நேரத்தில் அதே மெஷினில் முகம் தெரியாத ஆட்களைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

நல்ல பிள்ளை. மரியாதை கூடிப்போன பிள்ளை. புது மாப்பிள்ளை மாமனாரோடு நேரே கதைப்பது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. ஒரே மேசையில் எனக்கு எதிரே இருந்துகொண்டு, "மாமாக்கு ஆணம் காணுமா எண்டு கேளு" என்று குழம்புச் சட்டியைக் காட்டி மகளிடம் சொல்வார். "காணும் எண்டு சொல்லு புள்ள" என்பேன் நானும் மகளிடம். நடுவில் இருக்கிற பிள்ளைக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது.

ஒரு நாள் ஷிபானா கண் கலங்கி வந்து நின்றாள்.

"வாப்பா, இவர்ர கொம்பியூட்டர்ல மதர்போர்ட் போயிட்டாம். அது பழைய ரகமாம். மாத்திற எண்டா எல்லாத்தையும் மாத்தணுமாம், அதுக்கு இவர் கணக்குப் பாக்கிறார். கொழும்புல ஒரு ஸ்டூடியோவுல சம்பளத்துக்குக் கூப்பிடுறாங்களாம். நாங்க ரெண்டு பேரும் போகப் போறம்."

உள்ளே என் மனைவி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அவள் சமையலைப் பாதியில் நிறுத்துவது மௌத்து விழுந்து ஜனாஸா எடுக்கிற வீட்டுக்குப் போவதற்கு மட்டும்தான். கடைசிப் பிள்ளையைக் கண் முன்னால் வைத்திருக்கவென்று கட்டிய மாடி வீட்டுக்கு நான் பூட்டுப் போட வேண்டுமா?

கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனேன். கொம்பியூட்டர் கடைத் தம்பி கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஹாஜியார், உங்களுக்கு நல்ல காலம். அந்தப் பழைய புரொசெசருக்கே இப்ப புதுசா கேமிங் போர்ட் வந்திரிக்கி. புது ரகத்துக்கு மாறுற எண்டா ரேமும் மாத்தணும், ரேம் விலை வானத்துல நிக்கிது. ஒருத்தனும் மாறுறானில்ல. அதான் கொம்பனியே பழசுக்குத் திரும்பி வந்திட்டான்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எஞ்சின் பழையது, செஸி புதியது. ஆயுள் முழுக்க நான் செய்த தொழிலைத்தான் இப்போது தாய்வான்காரனும் கற்றுக்கொண்டிருக்கிறான்!

"அவரையும் மெஷினையும் கூட்டிட்டு வாங்க, நான் பூட்டித் தாறன்" என்றான்.

"நான் கழட்டிப் பூட்டாத எஞ்சின் இந்தக் கரையில இரிக்கா மனே?"

அவன் போர்டோடு ஒரு சின்ன ட்யூபையும் பையில் போட்டுப் பில் எழுதினான். (வியாபாரி.)

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பிள்ளைகள் இருவரும் நிந்தவூருக்கு விருந்துக்குப் போனார்கள். மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பார். கேட்பதற்கு நடுவில் மகள் வேண்டும், மகளுக்குத் தெரிந்தால் அதிசயம் கெட்டுவிடும். பிஸ்மி சொல்லித் திறந்தேன்.

புரொசெசருக்கு மேலே ஒரு ஃபேன். இழுத்தேன், வரவில்லை. முழங்காலை வைத்து இழுத்தேன். டக்கென்று வந்தது. அடிப்பிடித்த சோறு மாதிரி புரொசெசரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு அடியில் மயிரிழை போல நூற்றுக்கணக்கில் கால்கள். திருப்புளியால் நெம்பியதில் சில கால்கள் தொழுகையில் குனிகிற மாதிரி ருகூவுக்குப் போயின, சில நெற்றி நிலத்தில் பட நேரே ஸுஜூதுக்கே போயின. (அல்லாஹ் மன்னிக்கட்டும்.) குறட்டால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஃபேனுக்கும் புரொசெசருக்கும் நடுவில் கிறீஸ் காய்ந்து சிமெந்தாகிக் கிடந்தது. எனக்குக் கோபமே வந்தது. அதிபரின் மகன், இவ்வளவு படித்த பிள்ளை, மெஷினுக்குக் கிறீஸ் மாற்றத் தெரியவில்லையே! கடைத் தம்பி பையில் போட்டிருந்த ஊசி போன்ற சின்ன ட்யூபைப் பார்த்தேன். அது கொசுவுக்குக் கூடக் காணாது. கராஜிலிருந்து வீல் பேரிங் கிறீஸ் வாளியைக் கொண்டுவந்தேன். மேலே பூசினேன். புது போர்டில் கால்கள் இறங்குகிற ஓட்டைகளிலும் உரசல் இருக்குமே என்று ஒரு கை அள்ளி அங்கேயும் அப்பி, பெருவிரலால் வழித்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டினேன்.

பிறகு சம்பந்தி வீட்டுக்குப் போன் எடுத்து எல்லோரையும் வரச் சொன்னேன். அதிபர் சும்மா பார்த்துவிட்டுப் போகக் கூடாது. படிக்காதவன் என்ன செய்வான் என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். வட்டிலாப்பம் பரிமாறினோம். மெஷினுக்கு மேல் போட்டிருந்த துணியை நான் எடுத்தேன். மருமகனின் கண் விரிந்தது. சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது, போர்டு முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலமென்று கொழும்பு பஸ் மாதிரி வெளிச்சம்.

"மாஷா அல்லாஹ்!" என்றாள் என் மனைவி.

"வெளிச்சம் வடிவா இரிக்கி ஹாஜியார். படம் எங்க?" என்றார் அதிபர்.

"எஞ்சின் சூடாகணும் அதிபர். உங்களுக்கு இது விளங்காது, நீங்க படிச்ச ஆள்."

திரை கறுப்பாகவே இருந்தது. நாங்கள் எல்லோரும் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஃபேனுக்குக் கீழிருந்து தடிப்பாக ஏதோ ஒன்று இறங்கியது. சிவப்பு வெளிச்சத்தில் ஜாம் மாதிரி, பச்சையில் வேறு மாதிரி (அதை எழுதமாட்டேன்), போர்டின் மேலே மெதுவாக வழிந்து வந்தது.

மருமகன் கரண்டை நிறுத்தினார். மகளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"மாமா, அது என்ன கிறீஸ்?"

கல்யாணம் முடிந்து அவர் என்னோடு நேரே கதைத்த முதல் வார்த்தை அது.

"வீல் பேரிங் கிறீஸ் மருமகன். ஒரிஜினல்."

"எங்கெங்க போட்டீங்க?"

"எல்லா இடமும். நான் கஞ்சத்தனம் பாக்கல்ல."

அவர் புரொசெசரை வெளியே எடுத்துத் துடைத்துத் திருப்பினார். ஒரு மூலையில் கால்களே இல்லை.

"ஜனாஸா எடுக்கிறது எத்தின மணிக்கு?" என்று கேட்டுவிட்டு அதிபர் குலுங்கிச் சிரித்தார். வட்டிலாப்பம் மூக்கால் வந்தது. (அந்த ஒன்றில் மட்டும் எனக்குத் திருப்தி.)

"இனிக் கொழும்புதான்" என்றாள் மனைவி, அரிசி மூட்டைக்குள் எலியைக் கண்ட பார்வையோடு.

ஆனால் மருமகன் பிடிவாதக்காரர். கொழும்பு ஸ்டூடியோக்காரனிடம் கொஞ்ச நாள் தவணை கேட்டுவிட்டு, ஸ்பிரிட்டும் பல் தூரிகையும் வைத்துக்கொண்டு அந்தப் போர்டைக் கழுவத் தொடங்கினார். புது ரகத்துக்கு மாறிய அக்கரைப்பற்று ஆள் ஒருவரிடம் அதே பழைய புரொசெசரைத் தேடி வாங்கினார். பூட்டினார். படம் வந்தது.

இதற்கிடையில் அதிபர் சும்மா இருப்பாரா? பள்ளிவாசல் வாசல், தேநீர்க் கடை, கல்யாண வீடு எல்லாவற்றிலும் என் கிறீஸைப் பற்றிப் பயான் பண்ணினார். கதை எனக்கு முன்னால் மருதமுனைக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு தறிக்காரர் நூல் தூசி அடைத்த கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கிறீஸுக்குள்ள கிடந்ததையே உசுப்பின தம்பி இவர்தானா? அப்ப இது இவருக்குச் சின்ன வேலை."

அடுத்து தம்பிலுவிலிலிருந்து ஒருவர், பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் மெஷின்கள். எங்கள் விறாந்தையில் செருப்பு வைக்க இடமில்லை. கொழும்பிலிருந்து போன் வந்தபோது, "இப்ப வர ஏலாது, வேலை கூடிட்டு" என்றார் மருமகன். இன்று அவருக்குப் பெரிய றோட்டில் சொந்தக் கடை. மகள் அதே மாடி வீட்டில் இருக்கிறாள். வீட்டில் ரிமோட் வேலை செய்யாவிட்டால் பேரப்பிள்ளைகள் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்: "மூத்தாப்பா, கொஞ்சம் கிறீஸ் போடுவமா?"

சிரியுங்கள். ஆனால் கடைத் திறப்பு அன்று அதிபர், "இது என் மகனின் கல்விக்குக் கிடைத்த வெற்றி" என்று பேசினார். என் மனைவி அது தன் துஆவின் பலன் என்கிறாள். மருமகன் உழைப்பு என்கிறார். போர்டு நல்லபடியாகப் பூட்டப்பட்டிருந்தால் இவரை மருதமுனையில் யாருக்குத் தெரியும்? ஒரு வாளி கிறீஸும் என் மானமும் செலவானது பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் இல்லை.

ஆகவே எழுத்திலேயே கேட்கிறேன். கடைப் பெயர்ப்பலகையில் மருமகனின் பெயருக்கு மேலே 'ஸ்தாபகர்' என்று என் பெயர் வரவேண்டும். பெயிண்டருக்குச் சொல்லிவிட்டேன், பெருநாளைக்கு முன்பு வருவான். அதிபர் வந்து ஏணியைப் பிடித்தால் போதும்.