கதிர்காமத்துக்கு ஒரு ரெட்டைச் சைக்கிள்

அன்று ராமேஸ்வரம் கப்பல் துறையில் நின்றவர்கள் இவர்கள்: சிக்கல் மலையாண்டி, அவர் மனைவி பஞ்சம்மாள், அவர்கள் மகள் முத்தழகு, மருமகன் சேதுராமன், சேதுராமனைப் பெற்ற கடலாடி கூத்தையா, அவர் மனைவி மீனம்மாள், கீழக்கரை வியாபாரி வாவு முகம்மது, முத்தழகின் இடுப்பில் இன்னும் பேர் வைக்காத ஓர் ஆண் குழந்தை. இவ்வளவு பேர்தான். தாங்களும் அங்கே நின்று கையசைத்ததாக இன்று சிக்கலில் பாதி ஊர் சொல்லும். அது பொய்.

அவர்களுக்கு நடுவில் ஒரு ரெட்டைச் சைக்கிள் நின்றது. சக்கரம் இரண்டு, சீட் இரண்டு, ஹாண்டில்பார் இரண்டு, பெடல் நான்கு. வாவு முகம்மதுவின் தகப்பனார் காலத்தில் கொழும்பிலிருந்து வந்து, கீழக்கரைக் கிட்டங்கியில் சாக்குக்கு அடியில் கிடந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்ததும் கல்யாணக் குதிரைபோல மினுமினுத்தது.

கப்பல் ஊதிவிட்டது. சம்பந்திகள் இருவரும் ஏறிக் கப்பலடி வரைக்கும் ஓட்டிப் போகவேண்டியதுதான் பாக்கி.

"ஏறுங்க சம்பந்தி," என்றார் மலையாண்டி.

"நீங்க ஏறுங்க," என்றார் கூத்தையா.

"நான் முன்னால ஏறிருவேன். நீங்க பின்னால ஏறுங்க."

"பின்னாலயா? மாப்பிள்ளையைப் பெத்தவன் பின்னாலயா?"

"பொண்ணைக் குடுத்தவன் பின்னால உட்காரணும்னு எந்த ஊர் வழக்கம்?"

"எல்லா ஊர் வழக்கமும் அதான்."

இதைச் சீட்டுச் சண்டை என்று நினைக்கக் கூடாது. முத்தழகுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. பேரன் பிறந்தால், இலங்கை மண்ணில் இறங்கிய இடத்திலிருந்து கதிர்காமத்து எல்லை வரைக்கும் சைக்கிளோடே வருவதாக மலையாண்டி கதிர்காம முருகனுக்கு வேண்டிக்கொண்டார். யாருக்கும் சொல்லவில்லை. பேரன் பிறந்தபிறகு வெளியே சொன்னார். சொன்ன மறுநாளே கூத்தையா, அதே சாமிக்கு அதே வேண்டுதலைத் தாம் அதற்கும் முந்தியே வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

அப்படியானால் முருகன் யாருக்கு இறங்கினான்?

முதல் பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேரை வைப்பது வழக்கம். மலையாண்டி வழக்கத்தை மறுக்கவில்லை. வரம் வாங்கினவன் இருக்கும்போது வழக்கம் எதற்கு என்றுதான் கேட்டார். எங்கள் வகையறாவில் முதல் மரியாதை யாருக்கு என்று தீராமல் ஒரு கோயிலில் பொங்கலே நின்றிருக்கிறது. பேரன் பேரையா விட்டுக்கொடுப்போம்? கடைசியில், யார் கால் முதலில் கதிர்காமத்தில் படுகிறதோ அவர் பேர் பிள்ளைக்கு என்று பேசி முடிந்தது. அதுவரை மொட்டை இல்லை, காதுகுத்து இல்லை. பிள்ளையை ஆளாளுக்கு 'ஏலே' என்றே கூப்பிட்டார்கள்.

இருவரும் தனித்தனிச் சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் வாவு முகம்மது ரெட்டைச் சைக்கிளோடு வந்தார்.

"அய்யாமாரே, இதுல போனா ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேந்துருவீக. முருகன் பாடு, உங்க பாடு."

மறுத்தால் பயந்ததாகிவிடும். ஆகவே இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இப்போது துறையில் வைத்துக் கூத்தையா கேட்டார்:

"ஒண்ணா எப்படிப் போய்ச் சேர? முன்னால இருக்கிறவரு ரெண்டு முழம் முந்திப் போயிருவாருல்ல?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"ஊருக்கு ஊரு மாறி உட்காருங்க," என்றார் வாவு முகம்மது. "கப்பல் வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போங்க. நேரமாச்சு."

கடல் அன்று எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்தது. பின்னால் கோபுரம் சிறுத்துக்கொண்டே போக, முன்னால் ஒரு பனங்காடு தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது. காலையில் சாப்பிட்டது செரிக்குமுன் வேறொரு தேசம். மலையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கூத்தையாவும் கட்டிக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரம் யார் முந்தி என்று இருவருக்கும் தோன்றவில்லை.

தலைமன்னாரில் இறங்கியதும் தோன்றியது.

ஊருக்கு ஊர் மாறுவது என்றால் எது ஊர்? மூன்று குடிசையும் ஒரு பிள்ளையாரும் இருந்தால் ஊர் என்றார் பின்னால் இருந்த மலையாண்டி. கடை இருந்தால்தான் ஊர் என்றார் முன்னால் இருந்த கூத்தையா. கடை வந்தது. அது கருவாட்டுக் கடை, சேராது என்றார். இப்படி இறங்கி, வழக்காடி, ஏறி, அவர்கள் ஒருநாளில் போன தூரத்தை ஒரு வெள்ளாடு மேய்ந்துகொண்டே போயிருக்கும்.

மன்னார் தாண்டிச் சாலையோரம் செவ்விளநீர் விற்றவர் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சீவிய முதல் காயை நேராகப் பின்சீட்டிலிருந்த மலையாண்டியிடம் நீட்டினார்.

"குடியுங்கோ ஐயா. ட்ரைவர் பிறகு குடிக்கட்டும்."

"ஆரு ட்ரைவர்?" என்றார் கூத்தையா.

"முன்னால இருந்து ஓட்டுறவர்தானே ட்ரைவர்? துரைமார் எந்தக் காரிலயும் பின்னாலதானே இருக்கிறவை?"

மலையாண்டி இளநீரை அவசரப்படாமல் குடித்தார். அவ்வளவு இனிப்பான தண்ணீரைத் தாம் அதற்குமுன் குடித்ததில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அடுத்த ஊர் வந்தது. "இது ஊருதான். நல்ல ஊரு. மாறுங்க," என்றார் கூத்தையா.

"எங்கன கடையைக் காணோமே?"

"பிள்ளையார் இருக்காருல்ல?"

அதற்குப்பிறகு முன்சீட்டு வேண்டாம் என்று சண்டை. இருவரும் பின்னால்தான் உட்காருவது என்றால் சைக்கிள் நகராது. ஆகவே இருவருமே ஏறாமல், ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து உருட்டினார்கள். கொஞ்சத் தூரம் போனதும் கூத்தையா நின்றார்.

"நீங்க வலப்பக்கம் நிக்கிறீக."

"அதுக்கென்ன?"

"வலப்பக்கம் நிக்கிறவருக்குத்தானே முதல்ல திருநீறு குடுப்பாக?"

அப்படி அவர்கள் நடுரோட்டில் நின்றபோதுதான், பக்கத்து மரங்கள் விலகி, கட்டுக்கரைக் குளம் தெரிந்தது.

இருவரும் சைக்கிளை விட்டுவிட்டார்கள். அது பொத்தென்று விழுந்தது. கரை ஒரு பக்கம்தான் தெரிந்தது. மறுகரைக்குப் பதில் வானம் இருந்தது. சிக்கல் கண்மாயில் ஒரு மடைத் தண்ணீருக்காக அரிவாளோடு நின்றவர் மலையாண்டி. கூத்தையாவும் கடலாடியில் அப்படி நின்றவர்தான்.

"சம்பந்தி, இது கடலா?" என்றார் மலையாண்டி.

"கொக்கு நிக்கிது. அல்லி கெடக்கு. கண்மாய்தான்."

"இதுக்கு மடை ஆரு பாக்கிறா?"

கூத்தையா இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, அந்தக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார். மலையாண்டியும் அப்படியே செய்தார். யார் முதலில் செய்தது என்று அன்றைக்குப் பேச்சு எழவில்லை.

மலைநாட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. தண்ணீர் யாரும் கேளாமல் பாறையிலிருந்து குதித்தது, ரோட்டைக் குறுக்கே கடந்தது, திரும்பிப் பாராமல் போயிற்று. தேயிலைக்குள்ளிருந்து கூடை சுமந்த ஒரு பெண், "எந்தூருங்க?" என்றாள். சிக்கல் என்றதும், "எங்க பாட்டன் முதுகுளத்தூருங்க! ராம்நாட்டுல இருந்தா சைக்கிள்லயே வந்திட்டீங்க? கடல்ல எப்படிங்க ஓட்டினீங்க?" என்று தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தையே திரட்டிவிட்டாள். மலையாண்டி கடலைப்பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவைக்க முற்படவில்லை. தேத்தண்ணீர் நன்றாக இருந்தது.

மேட்டில் உருட்டலாம். இறக்கத்தில் ரெட்டைச் சைக்கிள் உருட்டுகிறவனை இழுத்துக்கொண்டு ஓடும். எல்ல என்ற ஊர்ப் பக்கத்து இறக்கத்தில் அது ஓடத் தொடங்கியதும் இருவரும் உயிருக்குப் பயந்து தாவி ஏறினார்கள். யார் எந்தச் சீட் என்று பார்க்க நேரமில்லை. மலையாண்டி முன்சீட்டில் விழுந்தார்.

"பிரேக்கு! பிரேக்கைப் பிடிங்க சம்பந்தி!"

"பிடிச்சிட்டேன்! அது பிடிக்கலை!"

"காலை ஊனுங்க!"

"நீங்க ஊனுங்க, நான் ஓட்டுறேன்!"

கூத்தையா இரண்டு செருப்பையும் தேய்த்துத் தேய்த்து, அடிவாரத்து வெல்லவாயவில் வெறுங்காலோடு இறங்கினார். முன்னால் இருந்தவருக்கு வழி தெரிந்தது. பின்னால் இருந்தவருக்குப் போன செருப்புத் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

புத்தளை தாண்டிக் காட்டு ரோட்டில் யானை நின்றது.

கோயில் யானை அல்ல. காது கிழிந்த ஒற்றை யானை. ரோடு அதனுடையது என்பதில் அதற்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. ரெட்டைச் சைக்கிளை அந்த ரோட்டில் திருப்பவும் முடியாது. மலையாண்டி முன்சீட்டில் உறைந்திருந்தார். பின்னால் இருந்த கூத்தையா இறங்கி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சம்பந்தியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி நின்றார்.

யானை துதிக்கையை நீட்டிக் காற்றை முகர்ந்தது. அதன் மூச்சு இவர்கள்மேல் பட்டது. பிறகு, மழைக்கால மேகம் நகர்வதுபோல, ஒரு குச்சியும் முறியாமல் காட்டுக்குள் போய்விட்டது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படிச் சத்தமில்லாமல் போயிற்று என்று மலையாண்டி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கூத்தையா சட்டையை விட்டுவிட்டுச் சொன்னார்.

"முன்னால இருந்தீகளே, ஆனை உங்களைத்தான் முதல்ல மிதிச்சிருக்கும்."

"ஆமா."

"அந்த முதல் மரியாதையை நீங்களே வச்சுக்கிடுங்க."

கதிர்காமத்து எல்லையில் மாணிக்க கங்கை ஓடுகிறது. பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரே நேரத்தில் எல்லையில் கால் வைப்பதற்காக இருவரும் ஆளுக்கு ஒரு காலைச் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டார்கள். மூன்று காலோடு ஆற்றில் இறங்கி, மூன்றாவது அடியில் தலைகுப்புற விழுந்தார்கள். கால் படுமுன் தலை பட்டது. யார் தலை முந்தி என்று ஆற்றைத்தான் கேட்கவேண்டும்.

சொட்டச்சொட்டச் சன்னதிக்குப் போனார்கள். அங்கே சிலை தெரிவதில்லை. ஒரு திரைதான். வாயைத் துணியால் கட்டிய பூசகர் திரைக்குள் போனார், வந்தார். மணி அடித்தது. இவ்வளவு தூரம் வந்தும் சாமி தம்மைக் காட்டவில்லை. காட்டாததே பெரிதாக இருந்தது. மலையாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் கூத்தையா பிள்ளைபோல அழுதுகொண்டிருந்தார்.

வெளியே வந்து கூத்தையா சொன்னார்: "சம்பந்தி, பிள்ளைக்கு உங்க பேரையே வச்சிருவோம்."

"அதெல்லாம் ஏலாது. உங்க பேருதான் வழக்கம்."

"ஆனைக்கு முன்னால நின்னவரு நீங்க."

"விட்டு ஓடாதவரு நீங்க. மலையாண்டின்னு வச்சா நான் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"கூத்தையான்னு வச்சா நான் தொட்டில் பக்கமே போக மாட்டேன்!"

திரும்பி வரும் வழியெல்லாம் இந்தச் சண்டை. போனபோது நடந்ததைவிட இது கடுமை. கப்பலில் ஒருவரோடு ஒருவர் பேசாமலே வந்தார்கள். சிக்கலில் சைக்கிள் மலையாண்டி வீட்டு வாசலில் நின்றபோது முன்சீட்டில் யார் இருந்தார்கள் என்பதை இருவருமே கவனித்திருக்கவில்லை.

"வாங்க, வாங்க," என்று மீனம்மாள் வந்தாள். சம்பந்தி வீட்டில் அவளுக்கு என்ன வேலை என்று யாரும் யோசிக்குமுன் உள்ளே திரும்பி, "ஏலே கதிரேசா, உன் தாத்தாமார் வந்திட்டாக பாரு!" என்றாள்.

முத்தழகு பிள்ளையைக் கொண்டுவந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். இரண்டு காதிலும் தங்கம்.

"கதிரேசனா?" என்றார் மலையாண்டி.

"காதுகுத்துக்கு நாள் தள்ளிப்போகுதுன்னு எல்லாரும் சொன்னாக," என்றாள் பஞ்சம்மாள். "காதுகுத்துல உங்க ரெண்டு பேருக்கும் எலை போட்டு வச்சிருந்தோம். ஒரே அளவு எலை."

கூத்தையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "சம்பந்தி, நாம அங்கன திரைக்கு முன்னால நிக்கிறோம், இங்கன கதிர்காமத்தான் தன் பேரையே வச்சிருக்கான்!"

"முருகா!" என்றார் மலையாண்டி. இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சண்டை அதோடு முடிந்தது.

சேதி சுற்றுப்பட்டிலெல்லாம் பரவிற்று. கூடவே இன்னொன்றும் பரவிற்று: முறைத்துக்கொண்டிருந்த இரண்டு சம்பந்திகளை ஒற்றுமையாக்கத்தான் கீழக்கரை முதலாளி அந்த ரெட்டைச் சைக்கிளைக் கொடுத்தார் என்று. இன்றுவரைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். மலையாண்டியும் நம்பினார். வாவு முகம்மது சைக்கிளை வாங்கிப்போக வந்தபோது மாலையோடு எதிரே போனார்.

"எங்களை ஒத்துமையாக்கத்தானே இதைக் குடுத்தீக. ஊரே சொல்லுது."

வாவு முகம்மது மாலையை வாங்கி ஹாண்டில்பாரில் மாட்டினார்.

"ஒத்துமைக்கெல்லாம் இல்லைங்க. ஒருத்தரு கோவிச்சுக்கிட்டு பாதியிலயே தனியாத் திரும்பி வந்திட்டா காதுகுத்து கெட்டுப்போகும், ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிவிடுற மாதிரி மெதுவாப் போற வண்டி ஏதாச்சும் இருக்கான்னு உங்க வீட்டம்மாவும் சம்பந்தியம்மாவும் கிட்டங்கிக்கே வந்து கேட்டாக, அதான் குடுத்தேன்."