ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

என் குடும்பம் யாரையும் அண்டிப் பிழைக்கக் கூடாது. இதை நான் கல்யாணத்தன்றே முடிவு செய்துவிட்டேன். என் தாத்தா பண்ணையில் மாடு மேய்த்தார். அப்பாவும் அதே பண்ணையில் மாடு மேய்த்தார். பண்ணைக்காரர்கள் மாட்டை மாற்றினார்களே தவிர ஆளை மாற்றவில்லை. நான் டிராக்டர் ஓட்டுகிறேன். அதே பண்ணையில்தான். ஆனாலும் மேய்ப்பதற்கும் ஓட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

என் லட்சியத்தை என்னைவிட அதிகமாக நம்பியவள் என் மனைவி அம்முலு. கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டிலிருந்தாவது குழம்பு வந்தால் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். நம் வீட்டுக் குழம்பை ஊற்றித்தான் அனுப்புவோம். பண்ணை வீட்டு ஜெயமணியம்மாவோ ஞாயிறுதோறும் ஒரு தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு கொடுப்பார்கள். ஆனால் எங்கள் தெருவில் கொதித்த எதையும் அவர்கள் வாயில் வைக்க மாட்டார்கள்.

"நம்ம கொழம்ப அவங்க வாங்க மாட்டாங்க. அப்ப அவங்க கொழம்பும் நமக்கு வாணாம்" என்றாள் அம்முலு.

"கொழம்பு இன்னாடி பண்ணும்? அதுக்கு இன்னா கையி காலு கீதா?"

"வாங்கிக்கினே இருந்தா ஒரு நாளு பதிலுக்கு நம்மளயே கேப்பாங்கய்யா. வாணாம்னா வாணாம்."

வாங்குவதில்லை என்று சொன்னேன். வாங்கினேன். சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் "மோட்டார் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பி, பம்புசெட் கொட்டாயில் உட்கார்ந்து தின்றேன். தூக்கைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, பண்ணை வீட்டு வாசலில் மாட்டிவிட்டு வருவேன். அந்த மோட்டாரைப் போல அக்கறையாகப் பார்க்கப்பட்ட மோட்டார் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது.

இந்த வருஷம் எங்கள் ஒரே மகள் ஜெனிஃபருக்குக் காஞ்சிபுரத்தில் காலேஜ் சீட்டு கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சனிக்கிழமை ஜெயமணியம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

"பெஞ்சமினு, எங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீது. ரெண்டு மாசம் ஒம் பொண்ண அனுப்பு. பாத்திரம் தேய்க்கற வேலதான். காலேஜு எங்க ஓடப்போவுது? அடுத்த வருசம் போவட்டும்."

"அம்மா... சீட்டு..."

"இத்தினி வருசமா எங்க கொழம்பு தின்ன வூடு. நான் வேற யாரப் போய்க் கேப்பேன்?"

அவர்கள் மிரட்டவில்லை. பிரியமாகத்தான் கேட்டார்கள். அதுதான் பேஜார். மிரட்டியிருந்தால் நானும் முறைத்திருப்பேன். குழம்பு தின்ற நாக்கு "சரிம்மா" என்று சொல்லிவிட்டது. என் மகளின் படிப்பை ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டேன்.

ஆனால் குழம்பு விஷயத்தை அம்முலுவிடம் சொல்ல முடியுமா? சுற்றி வளைத்தேன்.

"மனுசன்னா நன்றி வேணும், அம்முலு."

"வேணும்."

"பண்ணை வூட்ல ரெண்டு மாசம் பாத்திரம் தேய்க்க ஆள் கேக்கறாங்க. நம்ம வூட்லேர்ந்து."

"நம்ம வூட்லேர்ந்து இன்னாத்துக்கு?"

"அவங்க கையால சாப்ட்டவங்கதான பண்ணணும்?"

புதுச் சுடிதாரை மடித்துக்கொண்டிருந்த ஜெனி அப்படியே நின்றாள். அம்முலு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ சொல்றது நாயந்தான்யா. சாப்ட்டவங்கதான் பண்ணணும். காலைல நானே வந்து பேசறேன்."

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை நியாயம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெயித்த சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. ஜெனி சுடிதாரைப் பாதி மடிப்பிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் பண்ணை வீட்டுக்குப் போனோம்.

"அம்மா, ஆள் கூட்டிக்கினு வந்துகீறேன்" என்றாள் அம்முலு.

"ஜெனி எங்க?" என்றார்கள் ஜெயமணியம்மா.

"அவ நாளைக்கு காலேஜுக்குப் போறா. உங்க கொழம்ப அவ ஒரு சொட்டு தொட்டதில்ல. நானும் தொட்டதில்ல. தின்னது இவரு. சாப்ட்டவங்கதான் பண்ணணும்னு இவரே சொன்னாரு. ரெண்டு மாசம், டிராக்டர் எடுக்கறதுக்கு முன்ன இவரு வந்து தேய்ப்பாரு. அதோட கணக்கு தீந்துச்சி."

நான் அம்முலுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மோட்டார் பாத்துட்டு வந்து மத்தியானம் சோறு வாணாம்னா தெரியாதாய்யா?"

ஜெயமணியம்மாவின் முகம் சுருங்கியது. "ஆம்பள பாத்திரம் தேய்ப்பானா?"

"உங்க தூக்குவாளிய இத்தினி நாளா யாரு தேய்ச்சாங்கன்னு நெனச்சீங்க?"

தூக்கு வாசலில் தொங்கியது. பளபளவென்று இருந்தது. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருக்க வேண்டாம்.

அம்முலுவின் குரல் உயரவே இல்லை. என் வேலையே போகலாம் என்று தெரிந்துதான் நின்றாள். நான் நிற்க வேண்டிய இடம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜெயமணியம்மா வாசலில் தொங்கிய தூக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தேங்கா நாரு கொழாயாண்ட கீது" என்றார்கள்.

திங்கட்கிழமை காலை. குழாயடியில் குந்தியிருந்தேன். வேலி ஓரமாக பஸ்ஸுக்குப் போன ஜெனி, "நைனா, போய்ட்டு வரேன்" என்றாள். கை முழுக்க சோப்பு நுரை. தலையை மட்டும் ஆட்டினேன். எங்கள் வம்சத்தில் அந்தப் பண்ணையைத் தாண்டி ஒரு வேலையாகப் போகிற முதல் ஆள் அவள்தான். அழுதேன். நுரை கண்ணில் பட்டதாகப் பக்கத்தில் நின்ற டிராக்டரிடம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் முடிந்தது. குழம்பும் நின்றது. இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று தலைநிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் பாத்திரம் குவிந்திருந்தது. அம்முலு எழுந்து, உட்கார்ந்திருந்த மணையை என் பக்கம் தள்ளினாள்.

"அவங்க வூட்லயே நல்ல பேரு வாங்கிட்டே. நம்ம வூட்ல தேய்க்க இன்னாய்யா வெக்கம்?"