விளக்கு எரியக்கூடாது

"இருட்டினா தானா எரியும்னு சொல்லித்தானே இந்த விளக்கை வாங்குனீங்க? அப்போ இன்னைக்கும் எரியுமே!"

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் மனைவி இதைக் கேட்டபோது சூரியனில் பாதி காணாமல் போயிருந்தது. குடியிருப்புக்காரர்கள் கிரகணம் பார்க்கும் அட்டைக் கண்ணாடியும் கையுமாக மொட்டைமாடியில் நாற்காலி பிடித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். லிஃப்ட் அறைச் சுவரில் அவரே நின்று மாட்டவைத்த பெரிய விளக்கு அது. வெளிச்சம் குறைந்தால் அதன் சென்சார் விழித்துக்கொள்ளும். முழு கிரகணத்தின் நடுவில் பளிச்சென்று எரிந்தால் வானத்தில் என்ன தெரியும்?

ஊர் திட்டினால் திட்டட்டும். அவர் கவலையெல்லாம் மனைவிதான். அவளுக்கு எக்ஸ்ரே அறையில் வேலை, ஜன்னலே கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி இந்த ஒரு நாள் லீவு வாங்கியிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளுக்கு எதையும் முழுசாகக் காட்டியதில்லை. சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்குத்தான் போய்ச் சேர்வார்கள். கடற்கரையில் சூரியோதயம் காட்டுகிறேன் பேர்வழி என்று கூட்டிப்போய், லாட்ஜில் இருவரும் பத்து மணிவரை தூங்கியதும் உண்டு.

"இதையும் கெடுத்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

செயலாளர் ஏணி போட்டு ஏறி, கறுப்புத் துணியால் சென்சாரை இறுக்கிக் கட்டினார். பட்டப்பகலில் விளக்கு ஜகஜோதியாக எரிந்தது.

"துணியைக் கட்டினா அது ராத்திரின்னுதானே சார் நினைக்கும்?" என்று சிரித்த பல் டாக்டர், வீட்டில் மறந்துவைத்த கண்ணாடியை எடுக்க லிஃப்டில் இறங்கினார்.

அவமானத்தில் துணியைப் பிய்த்துப் போட்ட செயலாளர், நேராகப் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். விளக்கு லிஃப்டோடு ஒரே லைன் என்பது, பல் டாக்டர் உள்ளேயிருந்து அலறியபோதுதான் ஞாபகம் வந்தது.

"யோவ், செயலாளரே! கிரகணத்தை எனக்கு மட்டும் தனியா காட்டுறீரா?"

ஃபியூஸ் பழைய இடத்துக்கே போனது. வெயில் அதற்குள் வெளுத்து, நிழல்களெல்லாம் கூர்மையாகிவிட்டன. இனி ஒரே வழிதான். செயலாளர் டார்ச்சோடு மறுபடி ஏணியில் ஏறி, சென்சார்மேல் வெளிச்சத்தை அடித்தார்.

"பகல்னு நினைச்சுக்கிட்டுச் சும்மா கெட," என்று அதனிடம் கெஞ்சினார். கீழே வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

ஒரே ஒரு தடவை ஆசையாகத் திரும்பினார். கை விலகியது. விளக்கு மின்னியது. "ஐயய்யோ!" என்று மாடியே கத்தியது. அதன்பின் அவர் சுவரைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

திடீரென்று காற்று குளிர்ந்தது. காக்கைகள் வாயை மூடின. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ஒரே மூச்சாக "ஆ!" என்றார்கள்; பிறகு சத்தமே இல்லை. வானம் என்ன செய்துகொண்டிருக்கிறதோ, அவருக்குத் தெரிந்தது டார்ச்சின் வட்டமும் சுண்ணாம்பு வெடிப்பும்தான். அழுகை வந்தது அவருக்கு. ஏன் என்று தெரியவில்லை.

"வாட்ச்மேன்," என்றார் மெதுவாக. "எங்க வீட்டம்மா பாக்குறாங்களா?"

பதில் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான் போலும்.

"பாக்கட்டும்யா. அவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணையும் நான் உருப்படியா காட்டினதில்ல. நான் பாக்காட்டி என்ன, அவ பாத்தா நான் பாத்த மாதிரிதான். அவகிட்ட சொல்லிடாத, அப்புறம் தலைமேல ஏறிக்குவா."

ஏணி குலுங்கியது.

"ஆடாமப் பிடிய்யா!"

சுவரில் வெயில் திரும்ப வந்தது. பின்னால் ஒரே கைதட்டல். செயலாளர் மரத்துப்போன கையோடு இறங்கினார். கீழே கண் சிவக்க மனைவி நின்றிருந்தாள்.

"கண்ணாடி இல்லாம பாத்தியா?" என்று பதறினார்.

"இல்லைங்க."

"எப்படி இருந்துச்சு? முழுசா பாத்தியா?"

"செத்தாலும் மறக்காது," என்று அவர் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். "நீங்க?"

"நானுந்தான். ஓரக்கண்ணால."

அவள் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காரியத்தை முழுசாகச் செய்துவிட்ட திருப்தியில் அவரும் சிரித்தார். அப்போது மாடியின் அந்தக் கோடியிலிருந்து வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், கோவிச்சுக்காதீங்க! இருட்டறதுக்கு முன்னாடியே இந்த அக்காதான் 'நீ போய்ப் பாருப்பா'ன்னு என்னைத் துரத்திட்டு, கடைசிவரைக்கும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டாங்க!"