முட்டை ஒத்துக்காத டாக்டர்

"உங்க மஞ்சள் புத்தகம் எங்கங்க?"

கட்டில் முழுக்கப் பயணக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள். பாஸ்போர்ட் இரண்டு, விசா இரண்டு, குழந்தை மருத்துவர் மாநாட்டுக்கான அழைப்பு, அது முடிந்ததும் காட்டுக்குள் நான்கு நாள் சஃபாரி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு அத்தாட்சியாகத் தரும் மஞ்சள் புத்தகம் மட்டும் ஒன்றுதான் இருந்தது. அது அவளுடையது.

"எனக்கு அந்த ஊசி போடக் கூடாதும்மா," என்றார் குழந்தை டாக்டர்.

"ஏன்?"

அந்த மருந்தை முட்டையில் வைத்துத் தயாரிக்கிறார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் நிபுணரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால், தடுப்பூசி மையத்திலேயே விலக்கு முத்திரை குத்தித் தருவார்கள்.

"எனக்கு முட்டை ஒத்துக்கலை."

"காலையில ரெண்டு சாப்பிட்டீங்களே?"

"சாப்பிட்டதாலதானே தெரிஞ்சுது!"

உண்மை வேறு. இருபத்தெட்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டவருக்கு, தன் உடம்பில் ஊசி என்றால் குலை நடுங்கும். ஊருக்குத்தானே உபதேசம்! ஊரிலிருந்து மாநாட்டுக்குப் போகும் பத்து டாக்டர்களில் இப்படி ஒரு கோழை தான் ஒருவன்தான் என்று நினைத்தபோது அவருக்கு உள்ளபடியே துக்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய துக்கம் மனைவி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்காமல், வெட்டவெளியில் ஓடுகிற ஒட்டகச்சிவிங்கியை ஒரு தடவை பார்க்க வேண்டும். காய்ச்சல் சீசன், இருமல் சீசன் என்று அவர் வருஷா வருஷம் தள்ளிப்போட்டார். அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாள்.

இப்போதும் அவள் சும்மா இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவளோ நல்லவள். முட்டைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். கேக், பிஸ்கட் எல்லாவற்றையும் அட்டையைப் படித்துப் பார்த்து ஒழித்தாள். மூன்றாம் நாள், அவருக்கு முட்டை ஆகாது என்று காட்டு விடுதிக்கும் ஒரு மெயில் அனுப்பிவிட்டாள். பதில் உடனே வந்தது. ஆஸ்பத்திரி ஆறு மணி நேரத் தொலைவில் இருப்பதால், பரிசோதனை அறிக்கை இல்லாமல் அவள் கணவரைக் காட்டுக்குள் விட மாட்டார்களாம்.

"யாரைக் கேட்டும்மா எழுதின?"

"உங்க உசிரு விஷயம். யாரைக் கேக்கணும்?"

தவளை தன் வாயால் கெட்டது. மறுநாள் காலை அவளே அவரை அலர்ஜி டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர் குழந்தை டாக்டரோடு கல்லூரியில் படித்தவர். குழந்தைகளின் ஒவ்வாமை பற்றிப் பேச அதே மாநாட்டுக்குப் போகிறவர். நண்பனின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பேனாவால் பத்துப் புள்ளி வைத்தார். புள்ளிக்கு ஒரு சொட்டு ஒவ்வாமைச் சோதனை மருந்து, சொட்டுக்கு ஒரு குத்து.

ஒரு ஊசிக்குப் பயந்தவர் பத்து ஊசியிடம் மாட்டிக்கொண்டார். இன்னொரு கையை மனைவி பிடித்திருந்தாள்.

"வலிக்குதாங்க?"

"சேச்சே." நெற்றி வியர்வை மூக்கு நுனி வரை வந்துவிட்டது.

பதினைந்து நிமிஷம் கழித்து அலர்ஜி டாக்டர் தடிப்பை அளக்க அளவுகோலோடு வந்து பார்த்தார். "ஒண்ணுமே இல்லை. உனக்கு முட்டை என்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

மனைவி கை கழுவப் போன நேரம் பார்த்து, குழந்தை டாக்டர் நண்பனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "டேய், எனக்கு ஊசின்னா பயம்டா. ஆகாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு."

"பொய்க் கையெழுத்தா? தொழில்ல ஒரு நேர்மை வேணாமாடா? பச்சப் புள்ளைங்களே போட்டுக்குதுங்க!"

குழந்தை டாக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஊசி போட்டுப் பத்து நாள் ஆனாத்தான் செல்லுமாம். அப்படிப் பாத்தா இன்னிக்குத்தான் கடைசி நாள். மையத்தைப் பன்னெண்டரைக்கு மூடிடுவாங்க. உங்களுக்கு முடியலைன்னா விடுங்க. நான் பெட்டியைப் பிரிச்சுடறேன்."

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. அவள் குரலில் கோபமே இல்லை. பத்துக் குத்தும் சேர்ந்து வலிக்காத வலி அப்போது வலித்தது.

"வா, போகலாம்," என்றார்.

தடுப்பூசி மையத்தில் வாசல் பெஞ்சில் மனைவியை உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனார். சட்டைக் கையைச் சிஸ்டர்தான் மடித்துவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டார். முடிந்துவிட்டது என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் திறந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

சிஸ்டர் மஞ்சள் புத்தகத்தில் பெயரை எழுதி முத்திரை குத்தினாள். "நீங்களும் அந்த டாக்டருங்க மாநாட்டுக்கா சார்?"

"ஆமாம்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மத்தவங்க எல்லாம் எப்பவோ வந்து போட்டுட்டுப் போயிருப்பாங்க. நான்தான் கடைசி."

"எங்க சார்! ஒன்பது பேரும் முட்டை ஒத்துக்காதுன்னு லெட்டர் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அலர்ஜி டாக்டர் மட்டும் அவர் லெட்டர்ல அவரே கையெழுத்துப் போட்டுக்கிட்டாரு."