ஸ்ப்ரீக் சார்

திருவனந்தபுரத்தில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தையும் மறக்கடித்த ஒரே ஆசிரியர் எங்கள் ஸ்ப்ரீக் சார்தான்.

தம்பானூரில் நான் தங்கியிருந்த லாட்ஜின் மாடியில் அவருடைய வகுப்பு. எனக்குச் சாலை பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தூங்கலாம் என்றால் தலைக்கு மேலே "ஐ ஸ்ப்ரீக்! யூ ஸ்ப்ரீக்!" என்று கூட்டு முழக்கம்.

ஒருநாள் படியேறிப் போய்க் கேட்டே விட்டேன். "சார், அது 'ஸ்பீக்' இல்லையா?"

"ஆருடே சொன்னது?" என்று சீறினார். "பழைய இங்கிலீஷ்ல அது 'ஸ்ப்ரெகன்' கேட்டோ. நடுவுல ஒரு 'ர' உண்டாயிருந்தது. ஜெர்மன்காரன் இன்னைக்கும் அதைக் கைவிடல்லே. இங்கிலீஷ்காரன் ஆயிரம் வருஷம் முன்னாடி எங்கேயோ தொலைச்சுட்டான். எதுக்குத் தொலைச்சான்னு அவனுக்கே தெரியாது. அவன் தொலைச்சா நானும் தொலைக்கணுமோ?"

படித்தது செரிக்காமல் அலைகிறவர்களில் இது ஒரு ரகம். போனில் "ஹூ இஸ் ஸ்ப்ரீக்கிங்?" என்பார், எதிர்முனை ராங் நம்பர் என்று வைத்துவிடும். வாசல் போர்டில் 'ஸ்ப்ரோக்கன் இங்கிலீஷ்' என்று எழுதிவைத்தார். வருகிறவர் போகிறவரெல்லாம் 'ப்ரோக்கன் இங்கிலீஷ்' என்று படித்தார்கள். அவர்கள் படித்ததுதான் சரி.

அங்கே படித்தவள் செல்வி, வள்ளியூர்க்காரி. பக்கத்து ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கேயே ரிசப்ஷனில் ஓர் இடம் காலியாக, இன்டர்வியூவுக்குப் போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாடியேறினாள். கடைக்குக் கிளம்பிய நானும் என்னவென்று பின்னால் ஏறினேன்.

"'ஐ ஸ்ப்ரீக் இங்கிலீஷ்'னு சொன்னேன் சார். மேனேஜர் விழுந்து விழுந்து சிரிக்காரு. திக்குவாயான்னு கேக்காரு. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க பெருக்கப் போவேன்?"

சார் சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். கூத்துப் பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

மேனேஜர் முன்னால் கைகூப்பி நின்றார். "தப்பு என்னோடதாணு சாரே. அவ நல்லா இங்கிலீஷ் பேசுவா. ஐ ஸ்பீக் ஃபார் ஹெர், சார். ப்ளீஸ்."

'ஸ்பீக் ஃபார்' என்றால் ஒருவருக்காகப் பரிந்து பேசுவது. எவ்வளவு சுத்தமாகச் சொன்னார், பாவி மனுஷன்! மேனேஜர் செல்வியை மறுபடி கூப்பிட்டு, இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டார். மறுவாரம் அவள் ரிசப்ஷனில் உட்கார்ந்தாள்.

மேனேஜரைப் பார்த்துவிட்டு அன்று திரும்பும் வழியில், தெருவோரத் தட்டுக்கடையில் அவருக்குப் பழம்பொரி, அதுதான் அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தவர், "இந்தப் 'பொரி'ன்னு ஒரு வார்த்தை இருக்கே..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு ஜவுளிக் கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆனாலும் இரண்டு சாயா சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.