மொட்டைத் தலையும் ஒரு தேர்ஃபோரும்

எங்கள் புத்தூர்ப் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒருவன் எதிரே வந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். லட்டு எங்கே என்றுதான் கேட்பார்கள். மொட்டை என்றால் திருமலை. அதற்கு மேல் யோசிப்பது பாவம்.

இதைச் சொல்லும் நான், ஒழுங்காக யோசித்துப் பேசுவதற்கென்றே திருப்பதிக்கு இங்கிலீஷ் கோச்சிங் போனவன். முடிவு சொல்லும் வார்த்தைகளை அங்கே பூர்வீகத்தோடு சொல்லிக் கொடுத்தார்கள். ஹென்ஸ் என்றால் ஆதியில் ‘இங்கிருந்து’. தஸ் என்றால் ‘இப்படி’. கான்சிக்வென்ட்லி லத்தீன் வழி வந்தது, ‘பின்தொடர்ந்து’ என்று அர்த்தம். தேர்ஃபோர் என்றால் ‘அதற்காக’. இவ்வளவையும் ஒருநாள் சாப்பிடும்போது நைனாவிடம் அளந்தேன். (பெற்ற பாவத்துக்குக் கேட்டுத்தானே ஆகவேண்டும்!) மனுஷன் தேர்ஃபோரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“மானம் கருக்குது. தேர்ஃபோர், மாட்ட உள்ள கட்டு.”

“கொயம்பு தீந்துபோச்சு. தேர்ஃபோர், மோர் ஊத்தி துன்னுக்கிறேன்.”

“தேர்ஃபோர் போடாம தண்ணிகூட கேக்கமாட்டியாய்யா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

மாங்காய் இறக்கும் பருவத்தில், தோப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் நைனா. பிறகு எழவில்லை. கருமாதிக்கு எனக்கு மொட்டை அடித்தார்கள். அதே வாரத்தில் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

“போய்ட்டு வாடா. நைனா இருந்தா அவரே வண்டியில இட்டுக்கினு போயிருப்பாரு” என்றாள் அம்மா. வீட்டில் இனி சம்பாதிக்க நான் ஒருவன்தான். போனேன்.

நெற்றியில் நாமம் போட்ட ஆபீசர் என் தலையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் கூப்பினார். “கோவிந்தா! தரிசனம் பாகா ஜரிகிந்தா?”

தரிசனம் நன்றாக நடந்ததா என்கிறார். ‘இல்லை சார், அப்பா செத்துப்போனார்’ என்று தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் தலையை ஆட்டி வைத்தேன். குனிந்தும் காட்டியிருப்பேன் போல, மொட்டை இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அடுத்து, உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். மனப்பாடம் செய்ததை எடுத்துவிட்டேன். “மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். ஹி ஒர்க்ஸ் ஹார்ட். தேர்ஃபோர்...”

அது நைனா இருந்தபோது உருப்போட்டது. அதில் அவர் இன்னும் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். தேர்ஃபோருக்கு அப்புறம் எனக்கு வார்த்தை வரவில்லை, அழுகை வந்தது. சினிமாவில் வருகிற அழகான அழுகை இல்லை. சளியோடு, விக்கலோடு, மேஜைமேல் இருந்த என் சர்டிபிகேட்டெல்லாம் நனைகிற அழுகை.

வேலை போச்சு என்று நினைத்தேன். ஆபீசரோ பக்கத்திலிருந்தவரிடம், “எந்த பக்தி, சூசாரா!” என்று உருகினார். எவ்வளவு பக்தி, பார்த்தீர்களா என்கிறார். மொட்டை, கண்ணீர், ஆகவே பக்தி. கோச்சிங்கில் சொல்லிக் கொடுத்தபடியே அப்பழுக்கில்லாத முடிவு. வேலை கொடுத்துவிட்டார். சேர வரும்போது ஒரு லட்டு கொண்டு வரச் சொன்னார்.

சாவு வீட்டுக்காரன் ஒரு வருஷம் மலையேறக் கூடாதே!

“இன்னாடா கேட்டாங்க?” என்றாள் அம்மா.

“லட்டு கேட்டாங்கம்மா.”

முழுக்கதையையும் கேட்டு, நைனா போனதற்குப் பிறகு முதல் தடவையாக அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் மலைக்குப் போய் லட்டு வாங்கி வந்து கொடுத்தார். எனக்கு முடி வளர்ந்துவிட்டது, ஆபீசர் இன்னும் என்னைப் பரம பக்தன் என்றே நம்புகிறார். எங்கள் சொந்தத்தில் யார் மலைக்குப் போனாலும் “ஆபீசருக்கு ஒண்ணு” என்று ஒரு லட்டு கூடுதலாக வாங்கி வந்து என்னைக் கிண்டல் செய்வது இன்றும் நடக்கிறது.

தேர்ஃபோரை மட்டும் வீட்டில் யாரும் தொடவில்லை. முதல் திதியன்று நைனா படத்துக்கு முன்னால் இலை போட்டு, அம்மா எல்லாவற்றையும் பரிமாறி முடித்தாள். படத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“வட ஆறுது. தேர்ஃபோர், வந்து துன்னுட்டு போய்யா.”